பிளாஸ்டிக் பூசணியில் ஏறிய களிம்பு

சட்டையில் இரும்புக் கறள் மணத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றும் என் அப்பாவுக்கு,

கேட்டால் சிரிப்பீர்கள். துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்கக் கப்பல்களின் கறளைச் சுரண்டியவரின் மகள், இப்போது பிளாஸ்டிக் பூசணிகளுக்குப் பித்தளைக் களிம்பு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

உப்புவெளியில் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் ஆறு பூசணிகளைத் தந்தார். செம்மஞ்சள் நிறம், உள்ளே வெறும் காற்று. வெளிநாட்டு விருந்தினரின் ஒக்டோபர் ஹலோவீன் கொண்டாட்டத்துக்காம். "கன காலம் கடலுக்குள்ள கிடந்த பித்தளை மாதிரி இருக்கவேணும்" என்றார். பெயின்ற் வேலை பழகிய பிறகு என்னைத் தேடிவந்த முதல் வேலை, அப்பா. கறுப்புப் பூசி, அதன்மேல் பித்தளை நிறம் பூசி, நீலப்பச்சைப் பெயின்றில் அப்பச்சோடா கலந்து ஒற்றினேன். சோடா சேர்ந்தால் பெயின்ற் பொருக்குத் தட்டும்.

ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது பாசி பிடிச்ச பூசணிக்காய். பித்தளையைக் காணேல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி நான் கொழும்பில சொல்லி எடுக்கிறன்."

எங்கே பிழை? காற்றும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் களிம்பு என்கின்றன புத்தகங்கள். மூன்றும் இங்கே தாராளம். ஆனால் பார்த்துப் பழக நம் வீட்டில் களிம்பேறிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை. அம்மா விட்டால்தானே? சுரண்டிகளும் சுத்தியலும் வைக்கும் உங்கள் மரப்பெட்டியின் பித்தளைக் கொண்டி மட்டும்தான் மினுக்கப்படாதது. அந்தப் பெட்டியை நீங்கள் போனதிலிருந்து ஒருவரும் தொடவில்லை. நானும்தான்.

நாளை உங்கள் ஆட்டைத் திவசம். அதற்காக ஈச்சிலம்பற்றிலிருந்து உங்கள் அக்கா, என் மாமி, நேற்று வந்தார். பையை வைத்த கையோடு புளியும் தேங்காய்த் தும்பும் எடுத்துக் கிணற்றடியில் குந்தி, குத்துவிளக்கையும் செம்புகளையும் மினுக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நான் திரும்பப் பூசிய பூசணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எடி பிள்ளை! அவன் கண்ணை மூடி ஒரு வருசம். அதுக்குள்ள பித்தளையை இப்பிடியே களிம்பேற விடுறது?"

ஓடிப்போனேன். ஒரு பூசணியை நிலத்தோடு அழுத்திப் பிடித்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, விடுங்கோ! அது பிளாஸ்டிக்!"

"ஆருக்குக் கதை விடுறாய்?"

பாரமென்று நினைத்து இரண்டு கையாலும் தம் பிடித்துத் தூக்கினார். பூசணி அவர் தலைக்கு மேலால் பறந்து கிணற்றுக்குள் விழுந்தது. மாமி எட்டிப் பார்த்தார். "ஐயோ, பித்தளை மிதக்குதடி!"

நீங்கள் இருந்திருந்தால் இந்த ஒரு கதையை வைத்தே அவரை ஒரு மாதம் வதைத்திருப்பீர்கள்.

வாளியால் அள்ளி எடுத்தேன். முழுவதும் காயாத பெயின்ற். மாமியின் கை அழுந்திய மேடுகளில் பச்சை கரைந்து பித்தளை நிறம் தெரிந்தது. பள்ளங்களில் பச்சை அப்படியே இருந்தது. முதன்முறையாக அது உலோகமாகத் தெரிந்தது. ஏன்?

உள்ளே போய் உங்கள் பெட்டியை இழுத்தேன். கொண்டி முழுக்கக் களிம்பு. பெருவிரல் வைத்துத் தள்ளும் இடம் மட்டும் மஞ்சள். புத்தகங்கள் கைகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே, அப்பா. மஞ்சளின் ஓரத்திலும் மெல்லப் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வருடம் போனால் உங்கள் விரல் பட்ட இடம் எதுவென்றே தெரியாமல் போகும்.

மற்ற ஐந்தையும் தும்பால் தேய்த்தேன். தூக்குகிறவர் எங்கே பிடிப்பார், சின்னப்பிள்ளை எங்கே தடவும் என்று யோசித்து யோசித்துத் தேய்த்தேன். இன்று காலை கொண்டுபோய்க் காட்ட, விடுதி அக்கா பார்த்தார். மடக்கிய விரல் மொழியால் தட்டினார். "ஓம், இதுதான். தட்டினாத்தான் பொய் பிடிபடுது." நீங்களும் கப்பல் தகட்டை அப்படித்தானே தட்டிக் கேட்பீர்கள்? தட்டுவதற்கு முன் ஒரு கணமாவது ஏமாந்திருப்பீர்களா?

திரும்பி வந்தபோது மாமி புளியோடு உங்கள் பெட்டியடியில் நின்றார். "இது வேண்டாம் மாமி" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புளியோடு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்தக் கொண்டியை யாரும் மினுக்க விடமாட்டேன், அப்பா. மஞ்சளைப் பச்சை மூடவும் விடமாட்டேன். இனிப் பெட்டி என் வேலைமேசைக்குப் பக்கத்தில் இருக்கும். என் தூரிகைகளும் அதற்குள்தான். தினமும் அதே இடத்தில் விரல் வைத்துத் திறப்பேன்.

உங்களுடையதைப் போலவே அகன்ற பெருவிரல் கொண்ட,
உங்கள் மகள்