வெள்ளிக்கிழமை வரிசை

சந்தையடி,
12.02.79

தம்பி பரமேஸ்வரனுக்கு,

நான் சுகம். என் கடையில் மூட்டை தூக்கியவர் நீர். உமக்குச் சுற்றிவளைத்து எழுதத் தேவையில்லை. சந்தையில் படுப்போரையும் பிச்சை எடுப்போரையும் லொறியில் ஏற்றி அகற்றப் பட்டின சபை தீர்மானித்துவிட்டது. நாள் சொன்னது நான்தான்: 23, வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தானே தர்மக் காசுக்கு எல்லாரும் கடைவாசலில் வரிசையாக நிற்பார்கள்.

உம்முடைய அம்மா பேச்சியம்மா என் வாசல் கூட்டுகிறவர், ஒருநாளும் கை நீட்டாதவர். ஆனால் படுக்கை என் விறாந்தையில். வேலையாள் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் விடுவார்களாம். ஒருவருக்கு எழுதினால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள். 23க்கு முதல் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போம்.

க. அப்புத்துரை

புளியங்குளம்,
17.02.79

மதிப்புக்குரிய முதலாளி ஐயாவுக்கு,

காடு வெட்டுகிற இடத்தில் 24, சனிக்கிழமைக்கு முன் லீவு இல்லையாம். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளை எரித்தபோது எங்கள் அடையாளக் கடதாசியெல்லாம் அதோடு போய்விட்டது. நீங்கள் எழுதும் இரண்டு வரிதான் அம்மாவுக்குக் கடதாசி. மனமில்லாவிட்டால் அந்த ஒரு நாள் கடைக்குள்ளே இருக்க விடுங்க. சனி விடிய வந்துவிடுவேன்.

பணிவுடன்,
பரமேஸ்வரன்

சந்தையடி,
23.02.79

தம்பி,

உள்ளே இருக்கத்தான் விட்டேன். ஆனால் லொறி வருகிற கதை வெளியே போய்விட்டது. ஒரு சனம் வாசலுக்கு வரவில்லை. "எங்கை அப்புத்துரை, உம்மடை வரிசை?" என்று சபையாட்கள் நக்கலடித்தார்கள். காசுத் தட்டை அம்மாவின் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். அவரைக் கண்டதும் சனம் நம்பி வந்தது.

பொல்லுகளோடு பாய்ந்தார்கள். "தட்டைக் களவெடுத்தனியோடி?" என்று முதல் அடி அம்மாவின் கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது தலையில். "மொதலாளி, சொல்லுங்க!" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறந்தால் சனத்தை வரவைக்கத் தட்டைக் கொடுத்தவன் நானென்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

எல்லாரையும் லொறியில் எறிந்து, கண்டி வீதிக் காட்டோரம் இறக்கிவிட்டார்களாம். நீர் கேட்ட கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்புத்துரை

புளியங்குளம்,
01.03.79

முதலாளி ஐயா,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்னமே, நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றதைச் சனம் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை அம்மாவை அந்த வீதியோரத்தில் கண்டெடுத்தேன். ஞாயிறு மத்தியானம் வரை உயிர் இருந்தது. முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "மொதலாளிய ரொம்ப அடிச்சிட்டாங்களாப்பா? கூப்பிட்டேன், சத்தமே வரல்ல."

"ஆமாம்மா," என்றேன். "வாயிலேயே அடிச்சிட்டாங்க."

"பாவம்," என்றாள்.



பரமேஸ்வரன்