இடது தோளில் ஏர் ரைஃபிள்

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தினம் ஒரு பக்கம் இடது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி அம்மா. மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை பெயருக்குத்தான்.

ஏர் ரைஃபிள் வாங்கியாகிவிட்டது. சேகர் காரில் கூட்டிப்போனான். மறைமலை நகர் பிளான்ட்டில் பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்து மேஜை அவன். கடையில் ஆதார் நகல் கேட்டார்கள். துப்பாக்கி நினைத்ததைவிடக் கனம். மரக்கட்டையில் வார்னிஷ் வாசனை. குழலை நடுவில் மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையைத் தட்டினால் அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை, காற்று ஈயக் குண்டை. அவ்வளவுதான்.

உமாவுக்குப் பிடிக்கவில்லை. "சட்டைக்கு பட்டன் நான்தான் போட்டு விடறேன். துப்பாக்கி எதுக்குங்க?"

வலது கையால் குழலை மடக்கிவிட்டால் வேலைக்குத் திரும்பலாம் என்று மனசுக்குள் ஒரு முடிவு. மாசக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை இல்லை. வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் சந்து, பத்து மீட்டர். கோடியில் அட்டைப்பெட்டி, உள்ளே பழைய வார இதழ்கள், முன்னால் குறிக்கு வட்டம் போட்ட தாள், பின்னால் பிளைவுட். கேட்டைப் பூட்டினேன்.

வலது விரல்கள் குழலைச் சுற்றவே இல்லை. கட்டையை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் இழுத்தேன். பாதியில் நழுவியது. குழல் படீரென்று திரும்பி விரல் முட்டிகளில் அடித்தது. தோல் போய் ரத்தம்.

உமா டெட்டாலோடு ஓடி வந்தாள். "இருக்கிற ஒரு கையையும் கெடுத்துக்காதீங்க."

எழுத வலிக்கிறது. இன்று இவ்வளவுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். கொசு. நாளைக்கு கேஸ் புக் பண்ண வேண்டும்.

சாயங்காலம் சந்தில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உமா ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தாள். பிறகு பையைச் சுவரோரம் வைத்தாள், துப்பாக்கியை வாங்கினாள். கட்டையைத் தொடையில் ஊன்றி, இரண்டு கையாலும் குழலை இழுத்து மடக்கினாள். டக்.

"இந்தாங்க. சுடுங்க."

இடது தோள், இடது கண். மூக்குக் கண்ணாடியின் வலது பக்கம் டேப் ஒட்டிக்கொண்டேன். முதல் குண்டுக்குப் புகை, உள்ளே பூசியிருந்த எண்ணெய் எரிந்த நாற்றம், உள்ளே ஸ்பிரிங் அதிரும் சத்தம். உதை பின்னால் மட்டுமில்லை, முன்னாலும் ஒரு வெட்டு. குண்டு பிளைவுட்டின் ஓரத்தில்.

பத்துக் குண்டு. தாளில் பட்டது மூன்று. பத்து முறையும் அவளே மடக்கினாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. காட்ட மாட்டேன் என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

சேகர் வந்தான். காபி குடித்து முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை.

"உன் சீட்ல வேற ஆள உக்கார வெச்சிக்கீறானுங்க மச்சான். டெம்பரவரின்னுதான் சொல்றானுங்க."

"சரி" என்றேன்.

பேச்சை மாற்ற அவனும் சுட்டான். நல்ல திடமான ஆள், இறுக்கிப் பிடித்தான். ஐந்து குண்டும் ஐந்து மூலை. "இன்னாடா இது, இந்த ஒதறு ஒதறுது!"

எனக்கும் அவனே மடக்கிக் கொடுத்தான். வலது கை துப்பாக்கிக்கு அடியில், விரித்தபடி, பிடிமானமே இல்லாமல். ஐந்து குண்டு. ஒரு பெரிய நாணயத்தை வைத்தால் எல்லா ஓட்டையும் மறைந்துவிடும்.

சேகர் தாளையே பார்த்தான். "நீ புடிக்காம உட்ட பாரு, அதான் ஒயுங்கா போவுது."

உண்மை. இந்த ரகத் துப்பாக்கியை இறுக்கினால் துள்ளும். என் கைக்கு இறுக்கத் தெரியாது. எட்டு மாதத்தில் அந்தக் கை செய்த முதல் நல்ல காரியம், அதுவும் செத்துக் கிடப்பதால். பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 15, சனி

விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். உமா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வலது கையால் மறுபடி குழலைப் பிடித்துப் பார்த்தேன். அரை மணி நேரம். சுண்டு விரல் மட்டும் லேசாக மடங்கியது.

பிசியோ அம்மாவுக்கு போன் செய்தேன். கை திரும்ப வருமா என்று நேராகக் கேட்டேன்.

"சார், இனிமே வந்தாலும் கொஞ்சமாத்தான் வரும். உங்ககிட்ட பொய் சொல்ல விரும்பல."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை விட்டது. கம்பெனிக்குக் கடிதம், நாலு வரி. திரும்ப வரவில்லை என்று.

உமா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். "கை வராது உமா." வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"தெரியும்ங்க."

"எப்பலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார்."

ஜூனிலிருந்து தினமும் காலையில், ஸ்கூலுக்குக் கிளம்புமுன், ஒவ்வொரு விரலாக எண்ணெய் போட்டு நீவி விடுகிறாள். ஒரு நாள் தவறியதில்லை.

"அப்ப தினம் நீவி விட்டியே, எதுக்கு?"

துருவலை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"உங்க கைதானேங்க."