கூப்பிட்டுவிட்டுத் தொடவும்

சித்தப்பா,

உங்கள் திருநீற்றில் எப்போதும் கோப்பி மணக்கும். இன்று பின்னேரம் சாமி மேசையைத் துடைத்தபோது அந்தத் தகரப் பேணியின் மூடி என் கையோடு கழன்று வந்தது. யாரோ எறியப்போன கோப்பிப் பேணியைக் கேட்டு வாங்கி, மூன்று தரம் கழுவி, அதில் திருநீற்றைக் கொட்டி வைத்தவர் நீங்கள். மணம் மூக்கில் ஏறியதும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. செத்தவர்களைப் பற்றிக் கூடாமல் கதைக்கக்கூடாது என்று அம்மா சொல்கிறார். நான் உங்களைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை. உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்கு உங்களைப் பிடிக்காது. ஒரு மாதம் தங்க என்று ஊரிலிருந்து இந்த இத்தாலித் தீவுக்கு வந்து நான்கு வருடம் எங்கள் முன்னறைச் சோபாவில் படுத்தீர்கள். விடியமுன்னம் துறைமுகத்துக்குச் சரக்கு இறக்கப் போய், மத்தியானம் வந்து தூங்குவீர்கள். பள்ளிக்கூடத்தால் வரும் நான் என் சொந்த வீட்டில் களவெடுக்க வந்தவள்போல நடக்கவேண்டும். உங்களைத் தொட்டு எழுப்பவும் கூடாது. நீங்கள் வந்த புதிதில், சாப்பிடக் கூப்பிடப் போன நான் உங்கள் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினேன். துள்ளி எழும்பி வீசிய உங்கள் கை என் கன்னத்தில் பட்டது. அன்றைக்கு அப்பா சட்டம் போட்டார்.

"வாசல்லை நிண்டு கூப்பிடு, பிள்ளை. கிட்டப் போகாதை. அங்கை ஊரிலை சண்டைக்குள்ளை பட்டது அவனுக்கு இன்னும் உடம்பை விட்டுப் போகேல்லை."

அதன்பிறகு முன்னறைக்குள் கால் வைக்கமுன்னம், "சித்தப்பா, நான் வாறன்" என்று குரல் கொடுத்தே உள்ளே வந்தேன். நான்கு வருடம் அப்படித்தான்.

வெந்தோ வந்ததற்கு நான்தான் காரணம். பந்தயத்தில் ஓடிக் கழிக்கப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களை மீட்கிற சங்கம் ஒன்று, அவற்றுக்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ள ஆட்களைத் தேடியது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சம்மதமா? அம்மாவைக் கேட்டேன். அப்பாவைக் கேட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். நீங்கள் வீட்டு ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓம் என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

வெந்தோ என்றால் இத்தாலியனில் காற்று. அயர்லாந்தில் ஐந்து வருடம் கூட்டில் கிடந்தவன். கண்ணாடிக் கதவு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. படிக்கட்டும் தெரியாது. எங்கள் வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. வந்த அன்றைக்குக் கீழ்ப்படியில் நான்கு காலையும் ஊன்றி, கடை வாசலில் வைத்த பொம்மைபோல நின்றான். நீங்கள் வேலை முடிந்து வந்தீர்கள்.

"உது என்ன, ஆடோ?"

"கிரேஹவுண்ட், சித்தப்பா. படி ஏறத் தெரியாது. ஒருக்கால் தூக்கிக்கொண்டு வாறியளோ?"

"காலமை முழுக்கக் கப்பல்லை தூக்கினனான். இனி நாயும் தூக்கோணுமோ?"

எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விட்டீர்கள். நான் ஒவ்வொரு படியிலும் சொசேஜ் துண்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து அவனை ஏற்றினேன். இரண்டு மணித்தியாலம் ஆனது. இடையில் மேலே கைபிடிச் சுவருக்கு மேலால் உங்கள் தலை தெரிந்தது.

"பெயர் என்ன துரைக்கு?"

"வெந்தோ."

"வெந்தயமோ? உதைக் கறிக்குப் போட்டாலும் கசக்குமே."

அன்றிலிருந்து உங்கள் வாயில் அவன் வெந்தயம்தான்.

அவனுக்கென்று மெத்தை வாங்கிப் போட்டிருந்தேன். அவன் அதை மணந்துகூடப் பார்க்கவில்லை. நேரே உங்கள் சோபாவில் ஏறினான். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்து இறக்கக்கூடாது, தள்ளி நின்று பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிடவேண்டும் என்று சங்கத்தின் கையேட்டில் இருந்தது. நான் கையேட்டை வரிவரியாகப் படித்தவள். நான் பிஸ்கட்டை ஆட்டி முடியும்வரை நீங்கள் எண்ணெய்ப் பிசுக்கு உடுப்போடு சுவரில் சாய்ந்து நிற்பீர்கள். "ஆறுதலாய் எழும்பட்டும். எனக்கென்ன, நான் குதிரைபோலை நிண்டும் தூங்குவன்" என்பீர்கள். நான் சிரிக்கமாட்டேன்.

பிறகு மீன். நிமிர்ந்தால் அவன் மூக்குக்குச் சரியாக மேசை வரும் என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அப்படியிருந்தும் நீங்கள் பொரித்த மீனை ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனீர்கள். வந்து பார்த்தபோது தட்டு கழுவி வைத்ததுபோல இருந்தது.

"அண்ணி, நாயை வச்சிருங்கோ. நான் போறன்."

"போங்கோவன்" என்றேன் நான்.

அம்மா என் வாயில் தட்டினார். நீங்கள் வெறுஞ்சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டீர்கள். ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சோபாவுக்கு மேலே சுவரில் நான் ஒரு தாள் ஒட்டினேன். "தூங்கும்போது தொடக்கூடாது. பெயரைக் கூப்பிட்டுவிட்டுத் தொடவும்." இந்த நாய்கள் கூட்டில் தனியாகத் தூங்கி வளர்ந்தவை. தூக்கத்தில் ஒரு கை தங்கள்மேல் பட்டு அவற்றுக்குப் பழக்கமில்லை. பட்டால், யார் என்று பார்க்கமுன்னம் வாய் வந்துவிடும். அதோடு பல நாய்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் வாசித்தும் காட்டினேன். நீங்கள் தாளுக்குக் கிட்டப் போய் உரக்கப் படித்தீர்கள்.

"நாய்க்கும் நோட்டீஸ் வந்திட்டுது. எனக்கு எப்ப ஒட்டப்போறாய்?"

"உங்களுக்கு ஒட்டத் தேவையில்லை. எல்லாருக்கும் தெரியும்" என்றேன். குத்தத்தான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது அப்போது எனக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்தபிறகு எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசுவது உங்கள் வேலை. நான் உங்களோடு கதைக்காத வாரங்களிலும் என் நெற்றிக்கு அந்த மூன்று விரல் வரும். அந்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் பூசிவிட்டு, பேணியோடு சோபாவுக்குப் போனீர்கள். வெந்தோ நீட்டிக் கிடந்தான். கண் திறந்திருந்தது.

"உவருக்கும் பூசிவிடுவம். அப்பவாவது மீன்களவு நிக்குதோ பாப்பம்."

"சித்தப்பா, தொடாதேங்கோ!"

"முழிச்சுக்கொண்டெல்லோ கிடக்கிறார்."

மூன்று விரலும் அவன் நெற்றியில் பட்டன. அடுத்த கணம் பேணி உருண்டது, அறை முழுக்கச் சாம்பல் பறந்தது, உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் கிழிந்து தொங்கியது. வெந்தோ ஒரு காதில் திருநீற்றோடு மூலையில் நின்று நடுங்கினான். நான் ஓடியது அவனிடம். உங்களிடம் இல்லை. அதையும் நீங்கள் பார்த்தீர்கள். மருந்துக் கடையில் கேட்டபோது வேலையில் கொழுக்கி கிழித்தது என்றீர்கள். நாய்க்காகச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வி வந்தால் பின்னால் கடதாசி வரும். கெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவுக்கு வரிசையில் நின்றவருக்குக் கடதாசி என்றாலே பயம்.

நானும் பொய் சொன்னேன். அவன் நடத்தையை நாளுக்கு நாள் எழுதுவதற்குச் சங்கம் எனக்கு ஒரு கொப்பி தந்திருந்தது. அதில் அன்றைக்கு, "வெள்ளி. நன்றாகத் தூங்கினான்" என்று எழுதினேன். ஏனென்றால் நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் அவனை எடுக்க விரும்பியிருந்தது. அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். கடித்த நாயைச் சிறு பிள்ளை உள்ள வீட்டுக்குச் சங்கம் கொடுக்காது. ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் அவனை வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தன. இதுவும் இல்லையென்றால் கப்பலேற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம், திரும்பவும் ஒரு கூட்டுக்குத்தான் அனுப்புவார்கள். மரங்களுக்கு நடுவே அவன் ஓடுவதை நான் மனதில் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு போத்தல் மண்டரின் ஜாமோடு வந்தார்கள். அவர்களோடு வந்த சங்கத்துப் பொறுப்பாளரான சிஞ்ஞோரா என் கொப்பியைப் புரட்டி, இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறாளே என்று புகழ்ந்தார். அம்மாவும் அப்பாவும் குசினியில் தேநீர் போட்டார்கள். வெந்தோ சோபாவில் கிடந்தான். கண் திறந்திருந்தது. அந்தச் சின்னப் பிள்ளை முத்தம் கொடுக்க உதட்டைக் குவித்துக்கொண்டு அவன் முகத்தை நோக்கிப் போனாள்.

எனக்குத் தெரியும். அவன் தூங்குகிறான் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிப்பான் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் சிஞ்ஞோராவின் கையில் இருந்த கொப்பியைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

"வெந்தோ!"

குசினி வாசலில் நின்று நீங்கள்தான் கத்தினீர்கள். முதல் தரம் அவன் பெயரைச் சரியாகச் சொன்னீர்கள். அவன் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். பிள்ளை பயந்து நின்றாள். நீங்கள் வந்து கைக் காயத்தின் கட்டை அவிழ்த்து, உங்கள் துறைமுகத்து இத்தாலியனில், "சிஞ்ஞோரா, நித்திரையிலை தொட்டால் உது கடிக்கும். பாருங்கோ" என்று கையை நீட்டினீர்கள். தாய் பிள்ளையை வாரி எடுத்தார். சிஞ்ஞோரா கொப்பியில் அந்த வெள்ளிக்கிழமையைத் தேடி எடுத்து, எனக்கு முன்னால் விரித்து வைத்தார்.

அவர்கள் போனபிறகு நான் உங்களிடம் கத்தினேன். "நான் சொல்லத்தான் இருந்தனான்!"

"எப்ப? கடிச்ச பிறகோ?"

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஜெனோவா போகும் கப்பலின் இரும்புச் சாய்வில் வெந்தோ கால் வைக்க மறுத்து நின்றான். தூரத்தில் சரக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். நீங்கள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சொசேஜ் துண்டு வைத்தே அவனை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். ஓம், இல்லை, தெரியாது. இந்த மூன்று சொல்லுக்கு மேல் நான் உங்களுக்குக் கொடுக்கவில்லை. உங்கள் மூன்று விரலுக்கும் என் நெற்றியைக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். மாசி மாதம், வேலையிடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

வெந்தோவைக் கூட்டில் அதிக நாள் வைத்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வயதான இருவர் எடுத்துக்கொண்டார்கள். படம் அனுப்பினார்கள். அவனுக்கென்றே ஒரு சோபா. நீங்கள் செய்தது சரி. எழுதிவிட்டேன், போதுமா? ஆனால் அந்தப் பிள்ளைக்காகக் கத்தினீர்களா, சோபாவைத் திரும்பப் பெறக் கத்தினீர்களா என்று கேட்கமுன்னமே போய்விட்டீர்கள். உங்களை நல்லவராக்கி எழுத எனக்கு மனமில்லை. நான் ஒட்டிய தாளை வேறு யார் விளங்காமல் விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். தொட்டால் கை வீசுகிற நீங்கள் அதை விளங்காமல் விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்று நான்கு வருடம் உங்களைக் கூப்பிட்ட நானும் அதை விளங்க இவ்வளவு நாள் எடுத்தேன். அதற்கும் உங்களில்தான் கோபம்.

போன கிழமை சங்கம் இன்னொரு நாயைத் தந்தது. பெண் நாய், சாம்பல் நிறம். திரும்பவும் தருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில், முன்னைய நாய் கடித்ததையும் நான் மறைத்ததையும் எழுதிக் கொடுத்தேன். அதே கேள்வி விண்ணப்பத்தில் இருந்தது. அம்மாவைக் கேட்டேன், அப்பாவைக் கேட்டேன், பிறகு பேனாவோடு முன்னறைக்குப் போய் வெறும் சோபாவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அவளுக்கும் மெத்தை வேண்டாமாம். உங்கள் இடத்தில்தான் கிடக்கிறாள், கண்ணைத் திறந்தபடி. பள்ளிக்கூடத்தால் வந்து வாசலில் நின்று அவள் பெயரைக் கூப்பிடத்தான் நினைக்கிறேன். வாய் பழைய பழக்கத்தில், "சித்தப்பா, நான் வாறன்" என்கிறது. ஒரு கிழமையில் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சொந்தப் பெயருக்கு அசையாதவள் அந்தச் சொல்லுக்குத் தலையைத் தூக்குகிறாள்.

நாய் உங்கள் பெயருக்கு எழும்புகிறது என்று தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நான் மாற்றப்போவதில்லை.