ஆசிரியர் கழிப்பறைச் சாவி

அன்புள்ள அம்மாவுக்கு, வாரிஜா வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா? ராய்ச்சூர் வெயில் என்னை இன்னும் தின்று முடிக்கவில்லை. நலம்தான்.

சக்கர நாற்காலியில் வரும் மல்லம்மா போன வாரம் வகுப்பில் மயங்கி விழுந்தாள். கழிப்பறைக்குப் படியேற முடியாதென்று பள்ளியில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், விருந்தினர் மேடைக்கு! தலைமையாசிரியர் சங்கரகவுடாவிடம் போய் நின்றேன்.

"தண்ணி கம்மியா குடிச்சுட்டு வரச் சொல்லுங்க மேடம்" என்றார், அந்தக் கல்நெஞ்சர்.

முன்பென்றால் இன்னொரு மனு எழுதியிருப்பேன். இந்த முறை ஆசிரியர் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மத்தியானம் சொம்பு நிறைய மோர் குடித்தவர் நெளிந்துகொண்டே வந்தார்.

"சாவியக் குடும்மா! சிறப்புக் கல்வி டீச்சர்னா திமிரும் சிறப்பா இருக்குமா?"

"கம்மியா குடிச்சுட்டு வந்திருக்கலாமே சார்."

"உன்ன இந்த ஊர விட்டே மாத்தறேன் பாரு!"

"மாத்துங்க. மொதல்ல கொத்தனாரக் கூப்பிடுங்க."

என் எதிரிலேயே போன் போட்டார். அப்புறம்தான் சாவி கொடுத்தேன். இப்போது பிள்ளைகள் கழிப்பறை வாசலில் சாய்தளத்துச் சிமெண்ட் காய்கிறது.

கவலைப்படாதே, வெறும் வாய்ச்சண்டைதான். ஊறுகாய் சின்ன ஜாடியே போதும். மத்தியானம் சாப்பிட என் பக்கத்தில் மற்ற டீச்சர்கள் யாரும் இப்போது உட்காருவதில்லை. அப்பாவின் பழைய கடைப் பூட்டு, அந்தப் பெரியது, சும்மா கிடந்தால் சேர்த்து அனுப்பு. திங்கட்கிழமை, என் பொறுப்பிலேயே இருக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகிறேன். அங்கேயும் படிகள்தான்.

பஸ் வந்துவிட்டது.

உன் வாரிஜா