நத்தையின் முகவரி

அன்புள்ள நத்தைத் தம்பிக்கு,

மேஸ்திரி அக்கா எழுதுகிறேன். அனுப்பியது யார் என்று பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருக்கிறாய் என்றால், அதற்கே நன்றி. என் போன் நம்பரை நீ தடுத்துவிட்டாய். நம் ஆன்லைன் விளையாட்டுச் சர்வரில் அனுப்பிய செய்திகள் படிக்காமலே கிடக்கின்றன. கட்டடப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசு அனுப்புவதற்காக நீ எனக்குக் கொடுத்த முகவரி ஒன்றுதான் மிச்சம். எந்த முகவரியை எடுத்துக் கொடுத்ததற்காக எல்லாரும் என் மேல் கொதித்துப் போயிருக்கிறீர்களோ, அதையே மறுபடி எடுத்து உறையில் எழுதியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் அதிகம்தான்.

முதலில் தீவுச் செய்தி. நீ போன நாளிலிருந்து நம் விளையாட்டுத் தீவில் யாரும் எதையும் கட்டவில்லை. ஆளாளுக்குப் படகுத்துறையில் கூடி நின்று என்னைத் திட்டுகிறார்கள். என் வீட்டு வாசலில் யாரோ ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ‘இங்கே அனைவரின் முகவரியும் கிடைக்கும்.’ எழுத்துப் பிழையே இல்லை. நம் சர்வரில் அதுவே அதிசயம். சர்வரைக் கட்டிக் காக்கிற மாடரேட்டர் என்ற முறையில் நான் அதைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் வாயை அடைக்கிறாள் என்பார்கள் என்று விட்டுவிட்டேன். மலைச்சரிவில் நீ கட்டிய படிக்கட்டுகளெல்லாம் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழுந்து சாமான்களைத் தொலைக்கக் கூடாது என்று யாரும் கேட்காமலே கட்டினாயே, அதில் ஏறி வந்துதான் என்னை வைகிறார்கள்.

வீட்டில் இவருக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். “சம்பளம் இல்லாத உத்தியோகம். வசவாவது ஒழுங்கா வருதே” என்றார். பிறகு நான் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையிலும் புத்தி நிலைகொள்ளவில்லை. ஒரு பெரியவருக்கு இடக் கண் கண்ணாடியை வலப் பக்கத்தில் பொருத்திக் கொடுத்துவிட்டேன். வாசல் வரைக்கும் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, ரோடு எழும்பி எழும்பி வருது” என்று திரும்பி வந்தார். முதலாளியே அதை வாங்கிக் கழற்றி மாற்றிக் கொடுத்தார். அதுதான் உறைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சர்வரின் முதல் விதியை எழுதியவள் நான்தான். யாருடைய நிஜப் பெயரும் ஊரும் இந்தத் தீவின் கரையைத் தாண்டிப் போகக் கூடாது. அதை மீறியவர்களை நானே வெளியே அனுப்பியிருக்கிறேன், அவர்கள் கெஞ்சியும் நான் இறங்கி வந்ததில்லை. அப்படிப்பட்டவள் உன் முகவரியைப் போலீஸுக்குச் சொன்னேன். ஏன் என்று எல்லாரும் படிக்கிற பொது சாட்டில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்பே சில வாரங்களாக நீ உள்ளே வந்து கடலைப் பார்த்து நின்றுவிடுவாய். அசைய மாட்டாய். என்னடா என்றால் “சும்மா” என்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் படகை ஒரு புதுப் பிள்ளைக்குக் கொடுத்தாய். உன் வீட்டை, மரக்கட்டைகளை, சேர்த்து வைத்த கண்ணாடிகளை எல்லாம் வாரி வாரிக் கொடுத்தாய். வாங்கியவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ “லாட்டரி அடிச்சிருச்சா நத்தை?” என்று கேட்டதற்கு, “எனக்கு இனி இது எதுக்கு” என்றாய். அப்புறம் என்னிடம் வந்து, போன வருஷம் மதில் சுவர் விஷயத்தில் சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாய். எனக்கு அந்தச் சண்டையே மறந்துவிட்டிருந்தது.

நான் உடனே போன் செய்தேன். நீ எடுத்தாய், சிரித்தாய். “என்னக்கா, மேஸ்திரிக்கு வேலை இல்லையா?” என்றாய். நான் ஏதேதோ உளறினேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் நீ என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை, தம்பி. அன்றைக்கு எல்லாவற்றையும் முடிக்க விட்டாய். கடைசியில், “நல்லா இருங்கக்கா” என்று சொல்லி வைத்தாய். மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

இடியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன், நானும் அவனும்தான் மாடரேட்டர்கள். “ஆட்டம் சலிச்சுப் போச்சுன்னா எல்லாரும் இப்படித்தான் கொடுத்துட்டுப் போவாங்க. நீங்க பெருசு பண்ணாதீங்க. விதின்னு ஒண்ணு இருக்கு” என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் உன் குரலைக் கேட்டது நான்தானே.

உன் ஊர் அவசர எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தேன். எடுத்த பெண், “நீங்க அவருக்கு யாரு?” என்று கேட்டாள். “வேண்டியவங்க” என்றேன். “நேர்ல பார்த்திருக்கீங்களா?” என்றாள். இல்லை என்றேன். பிறகு, “முகவரி சொல்லுங்க” என்றாள். நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது நீ பொது சாட்டில் எழுதித்தான் தெரியும். போலீஸ் தட்டியதும், நீ திறக்காததும், பூட்டை உடைத்ததும், பக்கத்து அறைக்காரர்களெல்லாம் துணி காயப்போட வந்தவர்கள் மாதிரி நடையில் நின்று வேடிக்கை பார்த்ததும். நீ தூங்கிக்கொண்டிருந்ததாக எழுதினாய். வேலை மாறப்போவதால் ஆட்டத்தை விட்டாய் என்றும், இந்த அம்மா உன் மானத்தை வாங்கிவிட்டாள் என்றும் எழுதினாய். நீ சொன்னது நிஜமானால் நான் உனக்குச் செய்தது பெரிய அநியாயம். அதை மறைக்க மாட்டேன்.

எல்லாரும் பதில் கேட்டார்கள். நான் பொது சாட்டில் இவ்வளவுதான் எழுதினேன். “நான் செய்தது விதிக்கு விரோதம். அதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் செய்வேன்.” முதல் வாக்கியத்தோடு நிறுத்தச் சொல்லி இடி மன்றாடினான். நான் கேட்கவில்லை. இரண்டாவது வாக்கியம்தான் பற்றிக்கொண்டது. “இன்னைக்கு நத்தை, நாளைக்கு நாங்களா?” என்கிறார்கள்.

திட்டுகிறவர்களைத் தாங்கிவிடலாம். பஞ்சு என்று ஒரு பெண் இருந்தாளே, வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் மஞ்சள் அடிப்பவள். புருஷன் அடித்ததால் யாருக்கும் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய் ஒளிந்து வாழ்கிறாள். அது எனக்கு மட்டும் தெரியும், உன்னோடு இருக்கட்டும். அவள் திட்டவே இல்லை. “என் முகவரியும் உங்ககிட்ட இருக்குல்லக்கா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். அன்றே கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இருந்தது இந்தத் தீவு ஒன்றுதான். அதையும் நான் பறித்துவிட்டேன். உன் விஷயத்தில் வாதாட எனக்கு வாய் இருக்கிறது. அவள் விஷயத்தில் இல்லை.

நீ சர்வருக்கு வர வேண்டாம். எனக்குப் பரிந்து பேசவும் வேண்டாம். ஒரு வெற்றுத் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. முகவரி உன் கையெழுத்தில் இருந்தால் போதும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
மேஸ்திரி அக்கா

*

மேஸ்திரி அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கிடங்கில் வேலை செய்கிற பையன்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். மேற்பார்வையாளர் என்னைப் பாரம் தூக்க விடுவதில்லை, ஏதோ பீங்கான் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். இதெல்லாம் உங்களால்தான்.

நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தட்டியது கேட்டது. எழுந்து போய்த் திறக்க உடம்பு வரவில்லை. பொது சாட்டில் எழுதியது முழுப் பொய் இல்லை. வேலை மாறுவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். மற்றதை என்னிடம் கேட்காதீர்கள்.

உள்ளே வந்த போலீஸ்காரம்மா என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, “என்னப்பா, இப்படி அடைச்சு வெச்சிருக்க” என்றார். என் அறைக்குள் யாராவது வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

என் கூடப் பிறந்த அக்கா வந்திருக்கிறாள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். தரையில்தான் படுக்கிறாள், குறட்டை விடுகிறாள், நான் குளிக்கப் போனால் வாசலில் நின்றுகொண்டு “என்னடா சத்தத்தையே காணோம்?” என்கிறாள். குளிக்கும்போது பாடித் தொலைக்க வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்து, அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நான் பொது சாட்டில் எழுதியதை அழிக்க மாட்டேன். அழித்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. நீங்களும் சொல்லக் கூடாது. உங்கள் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கும். இது நியாயம் இல்லை என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பஞ்சு போனது எனக்குத் தெரியாது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

இப்படிக்கு,
நத்தை

*

அன்புள்ள தம்பிக்கு,

உறையில் நான் எழுதியிருந்த கடை முகவரிக்கே உன் கடிதம் வந்தது. முதலாளி கொண்டுவந்து கொடுத்தார். லென்ஸ் தேய்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது, கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண் கழுவுகிற மருந்தை எடுத்து நீட்டினார். அதையும் விட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீ கேட்டபடியே நடந்துகொள்வேன். வீட்டில் இவருக்குக்கூடச் சொல்லவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பையன் திட்டி எழுதியிருக்கானா?” என்று கேட்டார். நல்லா திட்டியிருக்கான் என்றேன். “அப்ப சரி” என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

சர்வரில் ஓட்டெடுப்பு நடந்தது. என்னை மாடரேட்டர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இடி எனக்காகத்தான் ஓட்டுப் போட்டான், போட்டதைச் சொல்லவும் செய்தான், அவனுக்கும் கொஞ்சம் வசவு கிடைத்தது. என்னிடமிருந்த முகவரிகளையெல்லாம் அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். இனி யாருடைய முகவரியையும் யாரும் வைத்திருக்கக் கூடாதாம், என்ன காரணமானாலும் சரி. பஞ்சுவை நினைத்தால் அது நியாயமாகப் படுகிறது. உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் தங்களுக்கு வேண்டிய ஒருவரின் நம்பரையாவது மாடரேட்டரிடம் கொடுத்து வைக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். யோசிக்கலாம் என்றார்கள். நம் சர்வரில் யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். பஞ்சு திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உன் அக்காவுக்கு என் அன்பைச் சொல். குறட்டையைப் பொறுத்துக்கொள். டாக்டரிடம் “போவேன் என்றுதான் நினைக்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய். நினைப்பதோடு நிறுத்தாமல் போய்விட்டு வா. புது அறை பார்த்ததும் அதன் முகவரியை எனக்குச் சொல்ல வேண்டாம். உன் அக்காவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கோபம் போகவில்லை என்று எழுதினாயே, போக வேண்டாம். அவசரமே இல்லை. என் மேல் கோபமாக இரு. நல்ல வேலையில் சேர்ந்து, நாலு பேரோடு சண்டை போட்டு, தலை நரைத்து, கண்ணாடி போட்டால்தான் பேப்பர் படிக்க முடியும் என்கிற வயசு வந்த பிறகும், பேச்சோடு பேச்சாக, “முன்ன ஒரு அம்மா, முகம்கூடத் தெரியாது, என் கதவை உடைக்க வெச்சா” என்று யாரிடமாவது சொல்லிப் பொருமு. அவ்வளவு காலம் கோபமாக இரு, தம்பி.

அந்த ஒரு வேண்டுதலுடன்,
உனக்கு வேண்டியவள்