நெருப்புக் கட்டத்தில் இருந்த டிக்கெட்

அக்கா,

சென்ற சனிக்கிழமை பெஹாலாவில் என் வீட்டுப் பாராயணத்துக்கு இருந்தவர்கள் நால்வர்: நான், கார்டன் ரீச்சிலிருந்து விசாலம், அவள் மருமகள், கீழ்வீட்டு வங்காளி அண்ணி, பௌதி. பௌதிக்குத் தமிழ் புரியாது. பிராட்டிக்காகவும் சுண்டலுக்காகவும் வருகிறார். வாசித்தது உங்கள் இதிகாசப் புத்தகத்தை. போன குளிர்காலத்தில் உங்கள் பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பெருமாள் பார்த்திருக்கப் பிராட்டி நெருப்பில் இறங்கும் பக்கத்தைத் திருப்பினேன். கற்பூர வாசனை ஏறிய ஒரு சினிமா டிக்கெட் மடியில் விழுந்தது.

தொண்ணூற்றெட்டில் பாராயணம் லேக் மார்க்கெட் பக்கத்தில் உங்கள் வீட்டில் நடந்தது. அன்று வாசிக்க என் முறை. மூன்று மணி ஆட்டத்துக்கு நீங்கள் டிக்கெட் வாங்கி வைத்திருந்தீர்கள். அவசரத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இடைவேளையில் கேட்டீர்கள்.

“எந்த இடத்துல நிறுத்தினே?”

“பிராட்டி இறங்கியாச்சு.”

“வெளிய வந்துட்டாளா?”

“இல்லக்கா, அதுக்குள்ள மணி ரெண்டே முக்கால்...”

“அடிப்பாவி! அவளை நெருப்புல நிக்க வெச்சுட்டு நாம இங்க ஜால்முரி கொறிச்சிட்டிருக்கோமா?”

பொரிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, மீதியை வாசித்து முடிக்க வீட்டுக்குப் போனீர்கள். இந்த மாதிரி வங்காளக் கலைப் படங்களே ஆகாது என்று சொல்லும் நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் எனக்கு அவை ஆகாதுதான். குழாய் சொட்டுவதை ஐந்து நிமிடம் காட்டுகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அன்றைய படத்தில் மனைவியைச் சந்தேகப்பட்டவன் தவறு புரிந்து மன்னிப்புக் கேட்கிறான். அவள் அவனுக்குச் சோறு பரிமாறுகிறாள், கை கழுவுகிறாள், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிறாள். படம் முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது. இதிகாசத்தில் சோதனை உண்டென்றால் சாட்சி சொல்ல அக்கினியும் உண்டு, ஊர் திரும்புவதும் உண்டு. பெருமாள் கேட்டது ஊருக்காக.

நீங்கள் இதை ஒப்புக்கொண்டதில்லை. “அந்தக் கடற்கரையில ஊர்க்காரங்க யாருடி இருந்தாங்க? கேட்டது அவர்தானே!” என்பீர்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அந்த மாதம்தான் உங்கள் வீட்டுக்காரர், நீங்கள் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் டிராம் டிக்கெட்டை உங்களிடம் வாங்கி, எங்கிருந்து ஏறினீர்கள் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணன் வீட்டுக்கே போயிடலாமான்னு இருக்கு” என்று ஒருமுறை, துணி மடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

அடுத்த சனிக்கிழமை கேட்டீர்கள்: “அந்தப் படத்துல கடைசியில அவ என்னதான் செஞ்சா?”

“வீட்டுலயே இருந்துட்டாக்கா. ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க.”

“தூர்!” என்று வங்காளிகளைப் போலக் கையை உதறினீர்கள். “அவ்வளவுதானா? அப்ப நான் ஒண்ணும் இழக்கலை.”

நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பது வருடமாக, ஒரு பொய்யால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்று சில நாளும், உங்களைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று சில நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்பின் நெருப்புக் கட்டத்தை நீங்கள் வேறு யாரையும் வாசிக்க விட்டதில்லை. நான் மறுபடி பாதியில் நிறுத்திவிடுவேன் என்ற பயம் என்றிருந்தேன்.

யார் வந்தார்கள், எங்கே நிறுத்தினோம், எந்தத் தேதி என்று நான் எழுதி வைப்பதைக் கேலி செய்வீர்களே, அந்த நோட்டை எடுத்து டிக்கெட்டிலிருந்த முத்திரையோடு ஒப்பிட்டேன். அது அந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் வந்த புதன்கிழமை. அதே தியேட்டர், அதே மூன்று மணி ஆட்டம், ஒரே ஒரு இருக்கை. எல்லா டிக்கெட்டையும் பார்க்கிறவர் கைவைக்காத ஒரே இடத்தில் அதை வைத்திருக்கிறீர்கள்.

ஆக, என்னைக் கேட்டபோது அவள் படியிறங்கியதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தீர்கள். பார்த்தும் வீட்டிலேயே இருந்தீர்கள். என் பொய் உங்களைக் கட்டவில்லை. இதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

டிக்கெட்டை அதே பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பிராட்டி வெளியே வரும்வரை வாசித்துத்தான் நிறுத்தினேன். விசாலத்தின் மருமகள் சுண்டல் கிண்ணத்தை வாங்காமல் கேட்டாள்: “ஆன்ட்டி, இவ்வளவுக்கும் அப்புறம் பிராட்டி ஏன் அவர்கூடப் போனாங்க?” முன்பென்றால் உடனே சொல்லியிருப்பேன். “அடுத்த வாரம் சொல்றேன்” என்றேன்.

உங்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள், அக்கா.