கொப்பளித்துவிட்டுக் கொடுத்த எச்சில்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

பக்கத்து வீட்டு ரத்னா பால்காரரிடம் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது: "அந்தம்மாவுக்கு வாய் ஆப்ரேசன்ல பேச்சே போயிடுச்சுங்க. பாவம், ஊமையாட்டம் வூட்டுக்குள்ளயே உக்காந்திருக்குது."

தவறு. பேச்சு போகவில்லை. இடது கன்னத்துக் கட்டியை எடுத்து, தொடைச் சதையை வைத்துத் தைத்ததிலிருந்து சொற்கள் வழுக்குகின்றன. வழுக்கும் சொற்களை ஊருக்குக் கேட்கக் கொடுக்க விருப்பமில்லை. அவ்வளவுதான். 'பாவம்' என்பதும் தவறு.

நாளை பெங்களூர் ஆஸ்பத்திரி. எடுத்து வைக்க: ஃபைல், கண்ணாடி, கைக்குட்டை நான்கு (இஸ்திரி போட்டது), பிளாஸ்கில் கஞ்சி, பாட்டிலில் உப்புத் தண்ணீர். சாம்பல் நிறப் புடவை.

நவம்பர் 4, செவ்வாய்

விடியும் முன் மாரண்டஹள்ளியில் பஸ். ஓசூரில் மாறினோம். மருமகள் செல்வி என் தோளில் தூங்கியபடியே வந்தாள்.

வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர்களின் எச்சிலில் சில புரதங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளக்கிறார்கள். நோய் யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று அவை முன்கூட்டிச் சொல்லுமா என்ற ஆராய்ச்சி. "சொல்லுமான்னு இன்னும் தெரியாதும்மா" என்கிறார் டாக்டர். சின்னப் பெண்தான். தெரியாது என்று சொல்லும் டாக்டரை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

போன முறை எனக்கு அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடி ஏறினால் உடனே ஸ்கேன். இல்லையென்றால் வழக்கம் போல ஜனவரியில்.

விதி: காலையில் எழுந்ததிலிருந்து எச்சில் தரும் வரை சாப்பாடு, டீ, தண்ணீர், கொப்பளிப்பு எதுவும் கூடாது.

இங்கே எழுதிவிடுகிறேன். கழிவறையில் உப்புத் தண்ணீரால் கொப்பளித்தேன். மூன்று முறை. போன தடவை எச்சில் பிடித்த குழாயில் கஞ்சித் துணுக்கு ஒன்று மிதந்தது; லேப் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறர் முன் துப்பக் கூடாது என்று கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள் நான். துப்பித்தான் ஆக வேண்டும் என்றால் சுத்தமாகவாவது இருக்கட்டும்.

படிவத்தில் 'கொப்பளித்தீர்களா?' இல்லை. டிக் அழகாக விழுந்தது.

பக்கத்து நாற்காலியில் முனியப்பன். பாலக்கோடு தக்காளிச் சந்தையில் கூடை இறக்குகிறவர். கீழ்த்தாடையில் பாதி இல்லை. நான் குழாயைக் கைக்குட்டையால் மறைத்ததைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா கூச்சப்படறீங்க? சந்தையில நான் துப்பாத தூணே கெடையாது. இப்பத்தான் மரியாதையா கையில டப்பா குடுத்துத் துப்பச் சொல்றாங்க."

சிரித்துவிட்டேன். வலித்தது.

லேப் பெண் கன்னடக்காரி. "ஸ்வல்ப இருங்க. டீ குடிச்சீங்களா?"

"குடிச்சன் கண்ணு. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல."

"அப்போ இன்னைக்கு எடுக்க ஆகாது. அடுத்த வாரம் வரணும்."

"செரி, வர்றன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவு தூரம் வந்து. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டா. கூப்பிட்டார். "அம்மா, உங்களோடத நீங்களே பாக்கறீங்களா?"

மைக்ராஸ்கோப். ஆபரேஷனில் எடுத்ததை இரண்டு வருடமாக மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களாம். அதிலிருந்து சீவிய ஒரு சீவல். நீலப் புள்ளிகள், எண்ண முடியாது. நடுவில் தேன் நிறத்தில் திட்டுத் திட்டாக. "பழுப்பா இருக்கற எடத்துலதாம்மா அந்தப் புரதம் இருக்குது."

என் கன்னம். உள்பக்கம். நான் பார்த்ததே இல்லை. என் கணவரும் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைத் தின்ன வந்தது இத்தனை அழகாகவா இருக்கும்? பயம் வரவில்லை. சின்ன வயதில் கான்வென்ட் சேப்பலின் வண்ணக் கண்ணாடி வழியே வெயில் தரையில் விழுந்ததைப் பார்த்தபோது மூச்சு நின்றதே, அதே மாதிரி. அந்தக் கருவியில் பார்க்க எப்படியும் தலை குனிய வேண்டும். குனிந்தபடி வெகுநேரம் இருந்தேன். டா. அவசரப்படுத்தவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நல்ல வெயில். செல்வி மிளகாய் காயப்போட்டாள். போன் வந்தது. மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"அத்தை! டாக்டரம்மா பேசுனாங்க. போன தடவைக்குப் பாதி கூட இல்லியாம்! ஆராய்ச்சிதான், இத மட்டும் நம்பாதீங்கன்னாங்க. ஆனா ஸ்கேன் ஜனவரிலயே எடுத்துக்கலாமாம்."

கேசரி செய்தாள். ரத்னாவுக்கு ஒரு கிண்ணம் போனது. நான் இரண்டு ஸ்பூன்.

பாதி கூட இல்லை. மீதி எங்கே போனது? அந்தக் கழிவறையில் போனதோ என்னவோ.

நவம்பர் 14, வெள்ளி

மேகம். காபி ஆறிப்போயிற்று.

முனியப்பன் இந்த வாரம் மறுபடி போயிருப்பார், டீ குடிக்காமல். எங்கள் எண்களை வைத்துத்தான் இனி வருகிறவர்களுக்குச் சொல்லப்போகிறார்கள்: உனக்குத் திரும்பும், உனக்கு இல்லை. அதில் என் எண் உப்புத் தண்ணீர். கண்ணுக்கே தெரியாத அந்தப் புரதம் உள்ளதைத்தான் சொல்லும். பொய் சொன்னது நான்.

கொப்பளித்ததைச் செல்வியிடம் எழுதிக் காட்டினேன். "வுடுங்கத்தை. கொறஞ்சதுன்னு சந்தோசப்படாம எதுக்கு இதப் போய் நோண்டறீங்க? ஏறியிருந்தா என்ன பண்ணுவீங்க?"

கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த ரத்னா வாசலில் நின்றிருந்தாள். கேட்டால் கேட்கட்டும் என்று வாயைத் திறந்தேன். "ஏறியிருந்தா ஸ்கேன் எடுப்பாங்க. தெரியாம கேசரி தின்னுட்டு உக்காந்திருக்க மாட்டேன்." வழுக்கித்தான் வந்தது. இரண்டு பேருக்கும் புரிந்தது.

டா.வுக்கு எழுதியதன் நகல்:

'மதிப்பிற்குரிய டாக்டருக்கு. 4ஆம் தேதி நான் தந்த எச்சில் செல்லாது. அதற்கு முன் உப்புத் தண்ணீரில் மூன்று முறை கொப்பளித்தேன். படிவத்தில் இல்லை என்று குறித்தது பொய். அந்த எண்ணை அடித்துவிடுங்கள். என் கன்னத்தை எனக்குக் காட்டினீர்கள்; அதன் பிறகு உங்களிடம் இதை மறைத்து வைக்க முடியவில்லை. மறுபடி எடுக்க எந்த நாள் வர வேண்டும்? கொப்பளிக்காமல் வருகிறேன். போன் செய்ய வேண்டாம், மருமகள் நல்ல சேதியை மட்டும்தான் காதில் வாங்குவாள். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.'